யாருடைய அமைதிக்குப் பங்கம்?





முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டம் இந்த அரங்கில் நடக்க வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, கூண்டுக்குள் நிற்கும் அண்ணல் சிலைக்குப் பக்கத்தில், வாத்தியார் வாழ்நாளெல்லாம் கூட்டம் போட்ட, போட முயன்ற அதே முக்கில் நடந்திருக்க வேண்டும். முறையாக விண்ணப்பம் கொடுத்தோம். மூன்று நாளைக்கு முன்பு பதில் வந்தது. அந்த இடத்தில் கூட்டம் நடத்தினால் பொது அமைதிக்குப் பங்கம் ஏற்பட வாய்ப்பிருப்பதால் அனுமதி மறுக்கப்படுகிறது என்று இரண்டே வரி. ஒரு பாதிரியார் தம் பள்ளியின் இந்த அரங்கைத் திறந்துவிட்டார். அவருக்கு நம் நன்றி. ஆனாலும் நடந்தது என்ன? வழியில் போகிறவர் நின்று காது கொடுக்கும் கூட்டமாக இருக்க வேண்டியது, ஏற்கெனவே நம்மோடு உடன்படுகிறவர்கள் மட்டும் வந்து உட்காரும் கூட்டமாகிவிட்டது.

போன மாதம் வாத்தியார் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா பரணிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்துக் கொடுத்தார்கள். நாடா கட்டிய காக்கி நிறக் கோப்பு. அதில் அவருடைய கதைகள் இருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தேன். இருந்தவை 23 கடிதங்கள். எல்லாமே அனுமதி மறுப்புக் கடிதங்கள். முதல் கடிதம் 1991ஆம் ஆண்டு. அண்ணலின் நூற்றாண்டு விழா ஊர்வலத்தை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக அனுமதி கேட்டிருக்கிறார். ஏரிக்கரை வழியாகப் போய்க்கொள்ளுங்கள் என்று பதில். ஏரிக்கரையில் அன்று யார் இருந்தார்கள்? எருமைகள் இருந்திருக்கும்.

ஆய்வாளர்கள் மாறியிருக்கிறார்கள், ஆட்சிகள் மாறியிருக்கின்றன, தட்டச்சு போய்க் கணினி வந்திருக்கிறது. 23 கடிதங்களிலும் ஒரு சொற்றொடர் மட்டும் மாறவே இல்லை. பொது அமைதிக்குப் பங்கம். ஒவ்வொரு கடிதத்தின் ஓரத்திலும் வாத்தியார் சிவப்பு மையில், பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்திருக்கிறார்: "யாரால்?"

இந்தக் கேள்வியை ஒருமுறை அவர் நிலையத்திலேயே கேட்டார். அப்போது நானும் கூட இருந்தேன். அந்த ஆய்வாளர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசினார். "உங்களால இல்ல வாத்தியாரே. நீங்க ஒழுங்காத்தான் நடத்துவீங்க, எனக்குத் தெரியும். ஆனா நீங்க அந்தத் தெருவுல போனா அவங்க சும்மா இருக்க மாட்டாங்க. எதுக்கு வம்பு?" என்றார்.

இன்று நான் பேச வந்ததெல்லாம் அந்த ஆய்வாளர் வாய்தவறிச் சொன்ன உண்மையைப் பற்றித்தான். கருத்துரிமைக்கு நம் நாட்டில் போடப்படும் தடைகளில் பெரும்பகுதி, பேசுகிறவர் வன்முறை செய்வார் என்பதற்காகப் போடப்படுவதில்லை. கேட்கிறவர் வன்முறை செய்வார் என்பதற்காகப் போடப்படுகிறது. மிரட்டுகிறவரின் கோபம் அளவுகோலாகிறது. அந்த அளவுகோலால் அளக்கும்போது, யாருடைய நடமாட்டமே ஒருவருக்குக் கோபமூட்டுகிறதோ அவருக்குப் பேச்சுரிமையே இல்லாமல் போகிறது.

பேச்சுக்கு முன்னால் பாதை

கருத்துரிமை பற்றிய பாடப்புத்தகங்கள் பத்திரிகையிலிருந்தும் புத்தகத்திலிருந்தும் தொடங்குகின்றன. நம் வரலாறு காலிலிருந்து தொடங்குகிறது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுப்பாதையில் போனார். அவர் எந்த முழக்கமும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. வண்டியில் போனதே அறிக்கையாக இருந்தது. அதற்காகத்தான் அடிக்க வந்தார்கள். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. அங்கே போன பெரியாருக்குப் பேசக் கூடாது என்று தடை போட்டார்கள், மீறியதற்குச் சிறை. தெருவில் நடக்கும் உரிமையைக் கேட்டவரின் வாயை அடைத்தார்கள் என்றால் நடையும் பேச்சும் ஒன்றுதான் என்று அந்த அரசுக்கே தெரிந்திருக்கிறது.

1927 மகத் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் சவுதார் குளத்தில் அண்ணலும் தோழர்களும் தண்ணீர் எடுத்துக் குடித்ததை நாம் ஒவ்வோர் ஆண்டும் பேசுகிறோம். அதே ஆண்டு டிசம்பரில் நடந்ததைக் குறைவாகவே பேசுகிறோம். இரண்டாவது மாநாட்டுக்குச் சாதி இந்துக்கள் யாரும் இடம் தரவில்லை. பதேகான் என்ற இசுலாமியர் தம் நிலத்தைக் கொடுத்தார். இன்று நமக்குப் பாதிரியார் அரங்கம் கொடுத்ததைப் போல. மாநாட்டுக்குச் சில நாட்களுக்கு முன்பு எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்குப் போய், குளத்துக்குப் போகக் கூடாது என்று தற்காலிகத் தடையாணை வாங்கிவிட்டது. ஆயிரக்கணக்கில் மக்கள் வந்து காத்திருக்கிறார்கள். மாவட்ட நீதிபதியே பந்தலுக்கு வந்து பேசுகிறார். இரண்டு நாள் விவாதத்துக்குப் பிறகு அண்ணல் குளத்துக்குப் போவதை ஒத்திவைக்கச் சொன்னார். வழக்கை நடத்தினார். மும்பை உயர்நீதிமன்றத்தில் இறுதி வெற்றி கிடைத்தது 1937 மார்ச்சில். ஒரு குவளைத் தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு.

அண்ணல் சட்டத்துக்குப் பணிந்தார் என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த டிசம்பர் 25 இரவில்தான் அதே பந்தலில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். குளத்துக்குத் தடை இருந்தது. பந்தலுக்குள் அவர் பேச வேண்டியதைப் பேசினார், செய்ய வேண்டியதைச் செய்தார்.

ஒரே திருத்தத்தில் இரண்டு

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்பின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் தனித்தனியாக நமக்குத் தருகிறது. அடுத்த உட்பிரிவுகள் அவற்றுக்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கின்றன. இந்தக் கட்டுப்பாடுகளுக்கு ஒரு சென்னைக் கதை உண்டு. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1950இல் சென்னை மாகாண அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழைத் தன் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தது. காரணம், பொது அமைதி. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசின் பாதுகாப்பு போன்ற பெரிய காரணம் வேண்டும், பொது அமைதி என்ற பொதுவான காரணம் அரசமைப்பில் இல்லை என்று நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே அதே சென்னை மாகாணத்திலிருந்து இன்னொரு வழக்கு. செண்பகம் துரைராஜன் வழக்கு. வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாடு கொதித்தது.

இரண்டு தீர்ப்புகளுக்கும் பதிலாக 1951 ஜூனில் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்தது. அதில் 15(4) சேர்க்கப்பட்டது. இங்கே படித்துக்கொண்டிருக்கும் பலர் கல்லூரிக்குள் நுழைந்த கதவு அது. அதே திருத்தத்தில் 19(2)இல் 'பொது ஒழுங்கு' என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. வாத்தியாரின் 23 கடிதங்களும் வந்து நிற்கும் வாசல் அது. நாடாளுமன்றத்தில் சட்ட அமைச்சராக அந்தத் திருத்தத்தை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர்.

இதைச் சொல்ல நாம் கூச வேண்டியதில்லை. கட்டுப்பாடே இல்லாத பேச்சுரிமை என்று அவர் எப்போதும் சொன்னதில்லை. பிரிவினைக்குப் பிந்தைய ரத்தம் காயாத காலம் அது. கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதே திருத்தம்தான் 'நியாயமான' என்ற சொல்லையும் 19(2)இல் கொண்டுவந்தது. அந்த ஒரு சொல் இருப்பதால்தான் இன்று நாம் நீதிமன்றத்தில் போய் "இந்தத் தடை நியாயமா?" என்று கேட்க முடிகிறது. பூட்டையும் கொடுத்து, சாவியையும் கொடுத்திருக்கிறார்கள். சாவியை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

ஆனால் காவல் நிலையத்தில் நாம் சந்திக்கும் சட்டங்கள் அரசமைப்பைவிட வயதானவை. மாவட்டங்களில் 1861 காவல் சட்டத்தின் 30(2). சென்னையில் 1888 நகரக் காவல் சட்டத்தின் 41. எல்லா இடத்திலும் 144. 2024 ஜூலையிலிருந்து அதற்குப் புதிய எண், 163. முதல் சட்டம் 1857 எழுச்சிக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தது. குடிமக்களுக்காக எழுதப்பட்டதில்லை, ஆளப்படுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. 30(2)ஐ வாசித்துப் பாருங்கள். ஊர்வலத்தையும் கூட்டத்தையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைத்தான் அது தருகிறது. நடைமுறையில் பல மாவட்டங்களில் பதினைந்து நாளுக்கொருமுறை இது அமலில் இருக்கிறது என்று செய்தித்தாளின் மூலையில் ஒரு செய்தி வரும். முடிந்ததும் மறுபடி வரும். விதிவிலக்காக இருக்க வேண்டியது வானிலை அறிக்கை போல ஆகிவிட்டது. 2020இல் காஷ்மீர் வழக்கான அனுராதா பசின் தீர்ப்பில் உச்சநீதிமன்றம், 144ஐ நியாயமான கருத்தையும் குறையையும் அடக்கப் பயன்படுத்தக் கூடாது, திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது அதிகார துஷ்பிரயோகம் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் வட்டத் தலைநகரம் வரைக்கும் வந்து சேரவில்லை.

சொந்த வண்டி உள்ளவர்கள் மட்டும்

1957 செப்டம்பர் 11 தியாகி இமானுவேல் சேகரன் கொல்லப்பட்ட நாள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பரமக்குடிக்கு மக்கள் அஞ்சலி செலுத்தப் போகிறார்கள். 2011இல் என்ன நடந்தது? வந்துகொண்டிருந்த ஒரு தலைவரைத் தடையாணையைக் காட்டி வழியிலேயே கைது செய்தார்கள். அவரை விடுதலை செய்யக் கேட்டு ஐந்துமுனைச் சாலையில் மக்கள் உட்கார்ந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். பிறகு விசாரணை ஆணையம், அறிக்கை, காவல்துறை மேல் தவறில்லை என்ற முடிவு. இவற்றையெல்லாம் பேசும்போது கல் வீசியது யார், முதலில் யார் அடித்தது என்று பேசுகிறோம். சங்கிலியின் முதல் கண்ணியைப் பேச மறந்துவிடுகிறோம். முதல் கண்ணி ஒரு தடையாணை. அமைதியைக் காக்க என்று போடப்பட்ட ஆணை.

அதற்குப் பிறகான ஆண்டுகளில் ராமநாதபுரம் மாவட்டத்தில் செப்டம்பர் 11ஐயும் அக்டோபர் 30 தேவர் குருபூசையையும் ஒட்டித் தடையாணை வருவது வழக்கமாகிவிட்டது. அந்த விதிகளில் ஒன்று: வாடகை வாகனத்தில் வரக் கூடாது, சொந்த வாகனத்தில் மட்டும் வரலாம். இரண்டு நாளுக்கும் இதே விதிதான். பாரபட்சம் இல்லை என்பார்கள். சமூகவியல் படித்தவன் என்பதால் எனக்கு இந்த விதிமேல் ஒரு கண். ஊரில் சொந்தமாகக் கார் வைத்திருப்பவர் எந்தத் தெருவில் இருக்கிறார்? தலைக்கு நூறு ரூபாய் போட்டு ஒரு வேன் பிடித்துப் போகிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார்? விதியில் சாதிப் பெயர் இல்லை. நிலம் யாரிடம் இருக்கிறது, வண்டி யாரிடம் இருக்கிறது என்பதில் சாதி இருக்கிறது. அதனால் அந்த விதி அதன் வேலையைச் செய்துவிடுகிறது.

இதற்கு முந்தைய ரத்தமும் நம் நினைவில் இருக்கிறது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். மனு கொடுக்கப் போன ஊர்வலம். தடியடியில் சிதறி ஒரு பக்கம் காவலர்கள், ஒரு பக்கம் தாமிரபரணி என்று சிக்கினார்கள். 17 பேர் இறந்தார்கள். ஒருவன் ஒன்றரை வயதுக் குழந்தை. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக மக்கள் போனதும் ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான். 144 போட்டிருந்தார்கள். 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மனு கொடுப்பது வரைக்கும் நாம் நல்ல குடிமக்கள். மனுவைக் கூட்டமாகக் கொண்டுபோனால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

எங்கே பேசலாம்?

தடை எப்போதும் "பேசாதே" என்று வருவதில்லை. "அங்கே போய்ப் பேசு" என்றும் வருகிறது. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் ஒரு வாரம் கூடினார்கள். உலகமே பாராட்டியது. கடைசி நாள் அடி விழுந்தபோது அது நடுக்குப்பத்து மீனவ மக்கள்மேல் விழுந்தது. அவர்களுடைய மீன் சந்தை எரிந்தது. நான்கு மாதம் கழித்து அதே மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போன திருமுருகன் காந்தி கைதாகிக் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். செப்டம்பரில்தான் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018இல் விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவுக்கு மெரினாவில் ஒரு நாள் உண்ணாவிரதம் இருக்கத் தனி நீதிபதி கொடுத்த அனுமதியை இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. ஆக, கடற்கரை பொது இடம். காற்று வாங்கலாம், கோரிக்கை வைக்கக் கூடாது.

தில்லியிலும் இதே பாதைதான். 2018இல் ஜந்தர் மந்தரில் போராட முழுத் தடை கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. 2020இல் ஷாகின் பாக் வழக்கில், போராட்டம் அதற்கென்று குறித்த இடத்தில்தான் நடக்க வேண்டும், பொதுப்பாதையைக் காலவரையின்றி அடைக்கக் கூடாது என்றது. சாலையை மாதக்கணக்கில் அடைப்பது மற்றவர்களுக்குக் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் குறித்த இடம் என்ற யோசனையை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையை மறித்து வேலி போட்டிருக்கிறார்கள். வேலி போட்டவர் பார்க்க, வேலிக்கு முன்னால் உட்கார்ந்தால் அது போராட்டம். முப்பது கிலோமீட்டர் தள்ளி மாவட்டத் தலைநகரில் குறித்துக் கொடுத்த மூலையில், காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை முழக்கம் போட்டால் அது என்ன? வேலி போட்டவர் மறுநாள் செய்தித்தாளில்கூடப் பார்க்க மாட்டார்.

பொதுத்தெருவில் கூட்டம் நடத்தும் உரிமை பற்றி உச்சநீதிமன்றம் 1972இலேயே ஹிமத்லால் ஷா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒழுங்குபடுத்தலாம், எந்த நெறியும் இல்லாமல் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது என்று அகமதாபாத் காவல் விதி ஒன்றை ரத்து செய்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது.

அமைதிப் பேச்சுவார்த்தை

2015 சனவரியில் பெருமாள்முருகனை 'மாதொருபாகன்' நாவலுக்காக நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்து அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். மன்னிப்புக் கேட்டும் நூலைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டும் எழுதி வாங்கினார்கள். எழுத்தை விடுவதாக அவர் அறிவித்தார். நாடு முழுவதும் அதிர்ச்சி. நியாயமான அதிர்ச்சி; நாமும் கண்டனக் கூட்டம் நடத்தினோம். அன்று வாத்தியார் பேசும்போது, "எழுத்தாளர்கள் இன்னைக்குத்தான் தாசில்தார் ஆபீசு பெஞ்சைப் பாக்குறாங்க. நம்ம சனம் அதுலயே உக்காந்து தேஞ்சு போச்சு" என்றார்.

அமைதிப் பேச்சுவார்த்தை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஒரு பக்கம் அடித்தவர்கள், ஒரு பக்கம் அடிபட்டவர்கள், நடுவில் அதிகாரி. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுங்கள் என்பார். அடித்தவர் விட்டுக்கொடுப்பது, இனி அடிக்க மாட்டேன் என்பது. அடிபட்டவர் விட்டுக்கொடுப்பது, இனி அந்தத் தெருவில் வரமாட்டேன் என்பது. குற்றத்தை நிறுத்துவதும் உரிமையைக் கைவிடுவதும் தராசில் சமமாகிவிடும். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நாமக்கல் ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, எழுத்தாளரை எழுதச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கருத்துரிமைத் தீர்ப்பு என்று எல்லோரும் கொண்டாடினோம். அதை அமைதிப் பேச்சுவார்த்தைக்கு எதிரான தீர்ப்பாகவும் வாசித்து, ஒவ்வொரு தாசில்தார் மேசையிலும் நாம் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

நமக்குப் பிடிக்காத பேச்சு

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

மிரட்டலுக்குப் பயந்து பேச்சைத் தடை செய்யக் கூடாது, பேசுகிறவரைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று உச்சநீதிமன்றம் மிகத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு 1989 மார்ச்சில் வந்த ரங்கராஜன் வழக்கு. போராட்டம் நடக்கும், ஊர்வலம் நடக்கும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டினால் அது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்றது. ஆபத்து வெடிமருந்தில் விழும் பொறி போல உடனடியானதாக இருக்க வேண்டும் என்றது. வாத்தியாரின் "யாரால்?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சட்டத் துணை கிடையாது.

அந்த வழக்கு எதைப் பற்றியது தெரியுமா? 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப்படம். சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறை சொன்ன படம். அதற்கு எதிராகப் போராடியவர்கள் நம் பக்கத்தவர்கள். உயர்நீதிமன்றம் அதன் சான்றிதழை ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. நமக்கு மிகவும் தேவையான கேடயம், நமக்கு எதிரான ஒரு படத்தைக் காப்பாற்றச் செய்யப்பட்டது.

நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அன்று அந்தப் படத்துக்குத் தடை நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மிரட்டினால் தடை கிடைக்கும் என்ற பாடம் உறுதியாகியிருக்கும். அந்தப் பாடத்தை நம்மைவிட நன்றாகப் படித்துப் பயன்படுத்த ஆள்பலமும் பணபலமும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். தடை என்னும் ஆயுதத்துக்கு எஜமான விசுவாசம் கிடையாது. கடைசியில் அது பலம் உள்ளவர் கைக்குத்தான் போகும். அதனால் நம்மை எதிர்க்கும் கருத்துக்கு நாம் எதிர்க்கருத்தால் பதில் சொல்ல வேண்டும். தடை கேட்கக் கூடாது.

இதற்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்கிறேன். பொதுப்பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது கருத்து ஆகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது, சரியாகவே சொல்கிறது. இடஒதுக்கீடு கூடாது என்பது ஒரு கருத்து; அதோடு வாதாடலாம். ஒருவரைச் சாதி சொல்லித் திட்டுவது அடிப்பதன் தொடக்கம். அதோடு வாதாட முடியாது.

இந்த அளவுகோலை நம் வீட்டுக்குள்ளும் வைக்க வேண்டும். 2009இல் அருந்ததியர் உள்ஒதுக்கீடு வந்த காலத்தில் நம் கூட்டம் ஒன்றில் ஓர் அருந்ததியர் தோழர் பேச எழுந்தார். இது நேரமில்லை, ஒற்றுமை கெட்டுவிடும் என்று உட்கார வைத்தோம். வைத்தவர்களில் நானும் ஒருவன். பொது அமைதிக்குப் பங்கம் என்று அவர்கள் எழுதுவதற்கும், ஒற்றுமைக்குப் பங்கம் என்று நாம் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? அதன்பின் அந்தத் தோழர் நம் கூட்டங்களுக்கு வரவில்லை. வாத்தியார் மட்டும் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். இன்று இந்த மேடையிலிருந்து அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒழுங்குபடுத்துவதும் தடுப்பதும்

கட்டுப்பாடே வேண்டாமா என்று கேட்பார்கள். 2025 செப்டம்பர் 27 கரூர்க் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். எத்தனை பேர் வருவார்கள், வழி எங்கே, தண்ணீர் எங்கே, ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று காவல்துறை கேட்பது சரி. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவை "எப்படி" என்ற கேள்விகள். "நீ பேசலாமா" என்பது வேறு கேள்வி. பெரிய கட்சிகளின் கூட்டத்தை முன்வைத்து, வைப்புத்தொகை வாங்க வேண்டும் என்ற யோசனை அந்த ஆண்டு பேசப்பட்டது. கோடிகளில் மேடை போடுகிறவருக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. நாலு பறை, ஒரு ஒலிபெருக்கி, ஐம்பது பேர் என்று கூடுகிற நமக்கு அது பூட்டு. நெரிசலைத் தடுக்கும் விதி நூறு பேர் கூடும் இடத்தில் எதைத் தடுக்கிறது என்று நாம் கேட்க வேண்டும்.

கடைசியாக மாணவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். வாத்தியார் இருந்திருந்தால் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார்.

அனுமதியை வாய்வழியாகக் கேட்காதீர்கள். எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். "வேணாம் தம்பி, போங்க" என்பது ஆணை ஆகாது. அதை எதிர்த்து வழக்குப் போட முடியாது. கடிதத்தில் அமைதிக்குப் பங்கம் என்று இருந்தால், யாரால், என்ன தகவலின் பேரில் என்று மறுகடிதம் எழுதுங்கள். மிரட்டியவர் யார் என்று தெரிந்தால் அவர்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்றும் கேளுங்கள்.

வழக்கு வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். பயம் எனக்குப் புரிகிறது. அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் காவல் சரிபார்ப்பில் ஒரு வழக்கு எண் போதும், வாழ்க்கை திசை மாற. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது குடும்பத்தையே தாக்கும். அதனால்தான் அந்த வழக்குகளைப் போடுகிறார்கள். அரசு ஊழியரின் ஆணையை மீறியதாக வரும் வழக்கை, அந்த ஊழியர் எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுக்காமல் காவல்துறை தானாகப் பதிய முடியாது என்று 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பழைய 188க்கு இப்போது புதுச் சட்டத்தில் எண் 223, விதி அதேதான். நம் அமைப்பில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். தனியாகச் சுமக்காதீர்கள்.

சமூகவியல் மாணவர்களுக்கு ஒரு ஆய்வுத் தலைப்பும் தருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் வட்டத்துக் காவல் நிலையங்களுக்கு மனுப் போடுங்கள். ஓர் ஆண்டில் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனைக்கு அனுமதி, எத்தனைக்கு மறுப்பு, எந்தத் தெருவுக்கு, என்ன காரணம். கோயில் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் அண்ணல் பிறந்தநாளுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில்களை அடுக்கி வைத்தால் பொது அமைதி என்பது எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்று அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.

வாத்தியாரின் கோப்பில் இருந்தவை 23 கடிதங்கள். இந்தக் கூட்டத்துக்கு வந்த மறுப்பு 24ஆவது. அதை நேற்று இரவு அந்தக் கோப்பில் வைத்தேன். சிவப்புப் பேனாவை அம்மாவிடம் கொடுத்தேன். அவர்கள் கடிதத்தின் ஓரத்தில், நிதானமாக, "யாரால்?" என்று எழுதினார்கள். அந்தக் கேள்வியோடு மறுகடிதம் தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்து வெளியே போகும்போது வாசலில் உள்ள மேசையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நாளைக் காலையில் பத்துப் பேர் போய் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். அடுத்த ஏப்ரல் 14 கூட்டத்துக்கான விண்ணப்பமும் கூடவே இருக்கிறது. இடம், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சிலைக்கு அருகில்.